பழுப்பு முதுகும் தண்ணீர்ப் பலகையும்: ஒரு சப்டைட்டில் செயலியோடு 90 நிமிடம்

ஆங்கில வீடியோவுக்குத் தானாகவே தமிழ் வரிகள் போட்டுத் தரும் செயலி ஒன்றுக்கு மாதம் 149 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சமையல் வீடியோக்களில் நன்றாகத்தான் இருந்தது. சரி, கொஞ்சம் கஷ்டமான சரக்கைக் கொடுத்துப் பார்ப்போமே என்று 2007 மே 15-ல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் நடந்த, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தைப் போட்டேன். மேடையில் 10 பேர். அமெரிக்க அரசியல் என்றால் என் மாமனாருக்குச் சாப்பாடுகூட வேண்டாம், அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் அடி பெயரில் விழுந்தது. செனட்டர் சாம் பிரவுன்பேக், 'சாம் பழுப்பு முதுகு' ஆகிவிட்டார். அதைச் சிரித்துவிட்டுத் தாண்டலாம்.

சித்திரவதைப் பகுதியில்தான் செயலியின் வண்டவாளம் தெரிந்தது. நெறியாளர் பிரிட் ஹியூம் ஒரு கற்பனைச் சூழலைச் சொல்கிறார்: மூன்று வணிக வளாகங்களில் தற்கொலைத் தாக்குதல், நூற்றுக்கணக்கானோர் சாவு, நான்காவதற்கு வந்தவர்கள் பிடிபட்டு கியூபாவிலுள்ள அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் இருக்கிறார்கள், அவர்களை எந்த அளவுக்குப் போய் விசாரிப்பீர்கள்? சித்திரவதை கூடாது, ஆனால் விசாரிப்பவர்களுக்குத் தோன்றும் எந்த வழியையும் கையாளலாம் என்கிறார் வேட்பாளர்களில் ஒருவரான, நியூயார்க்கின் முன்னாள் மேயர் ஜூலியானி. வாட்டர்போர்டிங்குமா என்று ஹியூம் கேட்டதும் கீழே 'தண்ணீர்ப் பலகை?' என்று வந்தது. "அது என்ன மாப்பிள்ளை, கடல்ல விளையாடுவாங்களே, அதா?" என்றார் மாமனார். வீடியோவை நிறுத்தி, ஆளைப் பலகையில் சாய்த்துக் கட்டி, முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள், நீரில் மூழ்கிச் சாவது போலவே இருக்கும் என்று நான்தான் விளக்கினேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அடுத்துப் பேசிய வேட்பாளர் ராம்னியின் 'மேம்படுத்தப்பட்ட விசாரணை நுட்பங்கள்' சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. ஏதோ பயிற்சி முகாமின் பாடத்திட்டம் மாதிரி இருக்கிறது, ஆனால் அதில் செயலியின் தப்பு ஒன்றும் இல்லை, ஆங்கிலத்திலேயே அப்படி ஒலிக்கத்தான் அந்தச் சொல்லைச் செய்தார்கள் (நம்ம ஊரில் "ஸ்டேஷன்ல நல்லா கவனிச்சாங்க" என்பதில்லையா, அந்த வகை). சித்திரவதைக்கு வைத்த இந்தப் புதுப்பெயரை இன்னொரு வேட்பாளர் ரான் பால் அதே மேடையிலேயே கிண்டல் செய்கிறார்.

வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கு மட்டும் வரிகள் சுத்தமாக வந்தன. வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறையில் சித்திரவதைப்பட்ட மனிதர், அதற்குப் பிறகு தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியாதவர். இது பயங்கரவாதிகளைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது என்கிறார். வலி கூடக் கூட, கேட்பவர் விரும்புவதைத்தான் கைதி சொல்வான் என்றும் சொல்கிறார். ஆனால் இதே ஆள்தான் அமெரிக்கா அப்போது நடத்திக்கொண்டிருந்த இராக் போரைத் தொடர வேண்டும் என்றும் நின்றவர், அதனால் யார் எந்தப் பக்கம் என்று மாமனார் குழம்பிப்போனார்.

போரை முடித்துப் படைகளைத் திருப்பி அழைக்கச் சொன்னவர் ரான் பால். அவர் வாதமே 'ப்ளோபேக்' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது: 1953-ல் இரானில் மூக்கை நுழைத்தோம், இராக்கில் பத்து வருடம் குண்டு போட்டோம், அது திரும்பி வருகிறது. நம் ஆட்கள் என்றால் 'தன்வினை தன்னைச் சுடும்' என்று போட்டிருப்பார்கள். செயலி போட்டது 'பின்னால் ஊதுதல்'. போதாக்குறைக்கு வரிகள் நாலு விநாடி தாமதம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நாமே வரவழைத்தோம் என்கிறீர்களா, அதை வாபஸ் வாங்குங்கள் என்று ஜூலியானி கொதிக்கிறார், கூட்டம் ஆரவாரம் செய்கிறது, வரியோ ரான் பாலின் முகத்துக்குக் கீழே ஓடுகிறது. "இவரே சொல்லிட்டு இவரே வாபஸ் வாங்கச் சொல்றாரா?" என்று கேட்டார் மாமனார்.

5-க்கு 2 நட்சத்திரம். மெக்கெய்னுக்காக இன்னொரு அரை. சந்தாவை நிறுத்தியிருப்பேன், ஆனால் 2011-ல் ஸ்பார்டன்பர்க்கில் நடந்த விவாதத்திலும் இந்தத் தண்ணீர்க் கேள்வி உண்டு என்று தெரியாத்தனமாக மாமனாரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வேண்டுமாம்.