பால் பல் சொத்தை: புடுங்கிடலாமா, நரம்பு க்ளீன் பண்ணி கேப் போடலாமா?

எங்க பொண்ணுக்கு அஞ்சு வயசுல கீழ் வரிசை கடைசி கடவாய்ப்பல் சொத்தையாகி ராத்திரில வலியில அழ ஆரம்பிச்சுட்டா. டாக்டர் ரெண்டு வழி சொன்னாங்க, புடுங்கிடலாம், இல்ல உள்ள நரம்பை க்ளீன் பண்ணிட்டு மேல ஸ்டீல் கேப் போடலாம்னு. நாங்க கேப் போட்டோம், கடவாய்ப்பல்லுன்னா இப்பவும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

புடுங்குறதுல என்ன லாபம்னு எல்லாருக்கும் தெரியும், செலவு கம்மி, ஒரே சிட்டிங்ல முடிஞ்சுடும். "விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா இவ்ளோ காசு"ன்னு எங்க அத்தை கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஆனா எந்தப் பல்லுன்னு பாக்கணும். முன்பல் ஆறேழு வயசுல விழுந்துடும், கொஞ்சம் முன்னாடியே போனாலும் பெருசா பாதிப்பு இல்ல. கடைசி பால் கடவாய்ப்பல் 10ல இருந்து 12 வயசு வரைக்கும் வாய்ல இருக்கவேண்டியது.

ஆறு வயசு வாக்குல அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாம புதுசா வர்றதால அதையும் பால் பல்லுன்னே நிறைய பேர் நினைச்சுடுறாங்க, ஆனா அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். முன்னாடி பால் பல் இருந்தா அதுல அண்டி நேரா நிக்கும், இல்லைன்னா காலி இடத்துக்கு நகர்ந்து சாய்ஞ்சுடும், அப்புறம் பதினொரு வயசு வாக்குல அடியில இருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமே இருக்காது, எலும்புக்குள்ளயே மாட்டிக்கும், இல்ல நாக்குப் பக்கமா கோணலா வரும். அதுக்கப்புறம் கம்பி போட்டு இழுக்கிற செலவையும் வருஷக்கணக்கான அலைச்சலையும் நினைச்சுப் பாருங்க.

புடுங்கிட்டு, அந்தக் காலி இடம் மூடிக்காம பிடிச்சு வைக்கிற ஸ்பேஸ் மெயின்டெய்னர் போடலாமேன்னு கேட்டா, போடலாம். பக்கத்துப் பல்லுல வளையம் மாட்டி அதுல இருந்து ஒரு கம்பி நீட்டிருப்பாங்க. எங்க நாத்தனார் பையனுக்குப் போட்டாங்க, சோறு போய் அடைச்சுக்கும், ஒட்டின சிமெண்ட் விட்டுப்போய் லூசாகும், புதுப்பல் எட்டிப்பாத்ததும் கழட்டவும் போகணும். ஒரு பையனை வச்சுதான் சொல்றேன், மத்த பிள்ளைங்களுக்கு நல்லாவே நின்னிருக்கலாம். ஆனா ஆறு வயசுப் பல் முளைக்கிறதுக்கு முன்னாடின்னா ஈறுக்குள்ள இறங்குற மாதிரி வேற டைப் போடணும், அது இன்னும் சிரமம்.

கேப்ல இந்தத் தொல்லை இல்ல. பெரியவங்க ரூட் கேனால்ல வைக்கிற ரப்பர் மாதிரி பொருளை பால் பல்லுல வைக்க மாட்டாங்க, வேர் கரையுறப்ப கூடவே கரையுற பேஸ்ட்தான், அதனால நேரம் வர்றப்ப கேப்போட பல்லும் சேர்ந்து தானா விழுந்துடும். அதுவரைக்கும் அதுலயே மெல்லலாம், ஈறை ஒட்டின ஓரத்துல மட்டும் அழுத்தமில்லாம நல்லா தேய்ச்சு விடணும். வாயைத் திறந்தா சில்வர் கலர் தெரியும், அது பிடிக்காதவங்களுக்கு வெள்ளை ஜிர்கோனியா கேப் இருக்கு, விலையும் கூட, பல்லையும் அதிகமா ராவணும், நாங்க போடாததால எப்படி உழைக்கும்னு சொல்ல வரல.

புடுங்கியே ஆகணும்ங்கிற கேஸும் உண்டு. ஈறுல சீழ்க்கொப்புளம் வந்து எக்ஸ்ரேல வேருக்கடியில எலும்பு ரொம்ப கரைஞ்சு தெரிஞ்சா அந்தப் பல்லைக் காப்பாத்த நினைக்கிறது ஆபத்து, கீழ வளர்ற நிரந்தரப் பல்லோட எனாமலே கெட்டுப்போய் பழுப்புப் புள்ளியோட முளைக்கலாம். அதனால முடிவு பண்றதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, அடியில புதுப்பல் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காட்டச் சொல்லிப் பாருங்க, ரொம்பக் கிட்ட வந்துடுச்சுன்னா கேப்புக்கு செலவு பண்ணவே தேவையில்ல.