78,500 ரூபாய் கட்டி காட்மாண்டுவில் குழந்தைகள் இல்லத்துக்குச் சேவை செய்யப் போனேன், நீங்கள் போகாதீர்கள்

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. இன்று காலை, என்னை அனுப்பிவைத்தவர்களிடமிருந்து ஒரு மெயில்: "உங்கள் சேவைப் பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக ஒரு பட்டியல் போடுகிறேன்.

மொத்தம் 78,500 ரூபாய். சென்னை–டெல்லி–காட்மாண்டு விமான டிக்கெட் இதில் சேராது. இரண்டு வருஷம் மாதாமாதம் கட்டிய சீட்டை எடுத்த காசு. அம்மாவுக்கு வளையல் மாற்றிக் கொடுப்பதாக இருந்தது.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் இணையதளம் அது. பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தினார். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்தேன். பனிமலை, ஊதா நிறச் சீருடையில் குழந்தைகள், நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டே சிரிக்கிறாள். படிவத்தை நிரப்பி இருபது நிமிஷம் ஆகியிருக்காது, போன்.

"வணக்கம் அக்கா. ஃபார்ம்ல சென்னைன்னு போட்டிருந்தீங்க. நான் திருச்சி, உறையூர்."

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். இந்தியில் யாராவது பேசியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவன் தமிழில் பேசினான், அதுவும் என் தம்பி பேசுகிற மாதிரியே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை, "அம்மா நடக்கிறாங்களா அக்கா?" என்று கேட்டான். எனக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவமே கிடையாது, நான் கணக்கு எழுதுகிறவள் என்றேன். "அன்பு இருந்தா போதும் அக்கா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றான். அன்று ராத்திரியே பதிவுக் கட்டணம் 9,500 அனுப்பினேன். ஒரு வாரத்தில் திட்டக் கட்டணம் 58,000. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, குழந்தைகளுக்கான 'பரிசுப் பெட்டகம்' 11,000. எல்லாம் யுபிஐயில். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒன்று கவனியுங்கள். மூன்று வாரம் சின்னப் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் இருக்கப்போகிறவள் நான். போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேரின் எண்கூடக் கேட்கவில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தால் இதைவிட அதிகமாக விசாரிப்பார்கள். பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் மூன்று தடவை கேட்டார்கள்.

இல்லம் காட்மாண்டுவுக்கு வடக்கே, புத்தநீல்கண்டம் போகிற வழியில் ஒரு மூன்று மாடி வீடு. 23 குழந்தைகள். கேட்டைத் திறந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் மடியில் ஒன்று, தோளில் ஒன்று. அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளை முன்பின் தெரியாதவர் மடியில் இப்படி உட்காருமா என்று யோசிக்கவே இல்லை. நிலையாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தைகள்தான் வருகிறவர்கள் மேலெல்லாம் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று பிற்பாடு படித்தேன். என்னிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி பேர் என்ன என்பதல்ல. "எப்போ போவீங்க?" இந்திப் படம் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் இந்தி வருகிறது, என் இந்தியைவிட நன்றாகவே.

மறுநாள் முதல் நான்தான் டீச்சர். ஏ ஃபார் ஆப்பிள் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அட்டையைப் பார்க்காமலே இசட் வரை ஒப்பித்துவிட்டு, "போன மாச மிஸ்ஸும் இதுதான்" என்றான். பள்ளிக்கூடம் நடக்கிற மாதம் அது. தெருவில் மற்ற பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போகிறார்கள், இவர்களை எனக்காக வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இனி பை விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

ஏழு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை. முதல் நாளே அவளிடம், "இந்த இடம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டி, "ஆமா, ஆமா" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேபாளக் குழந்தை அச்சுத் தமிழில் பதில் சொல்கிறதே! திரும்பச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். ஊரிலிருந்து ஒரே இதயமாக வந்து குவிந்தது. அடுத்த நாள் பரிசுப் பெட்டகத்தைப் பிரித்து ஆளுக்கொரு பள்ளிப் பை கொடுத்தார்கள். அவளுடைய நீலப் பையின் உள்மடிப்பில் நீலப் பேனாவால் 'ஆமா' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் விரலால் அந்த 'ஆ'வின் சுழியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் சமையல்கார தீதி தால்பாத் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நேபாளியில் ஆமா என்றால் அம்மா. மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா இருக்கிறார், உயிரோடு. போன தசைன் பண்டிகைக்கு (நம் தசரா மாதிரி) கேட் வரைக்கும் வந்து போனாராம். ஆதரவற்றோர் இல்லமென்று சொன்னார்களே என்றேன். தீதி தண்ணீரைத் திருகி நிறுத்திவிட்டு, "பாதிப் பேருக்கு மேல அம்மா இருக்காங்க" என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டே.

அன்று ராத்திரி தூங்காமல் போனில் தேடிப் படித்தேன். ஊரில் உட்கார்ந்து 9,500 கட்டுவதற்கு முன்னால் தேடியிருக்க வேண்டியது. நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று 2015 பூகம்ப சமயத்திலேயே யுனிசெஃப் சொல்லியிருக்கிறது. 77 மாவட்டம் இருக்கிற நாட்டில் இல்லங்களில் பெரும்பாலானவை காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்கரா இருக்கும் காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தே மாவட்டங்களில். எங்கே சுற்றுலாக்காரர்கள் போகிறார்களோ அங்கே! 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஹும்லா மாதிரி எட்டாத மலை ஊர்களுக்குத் தரகர்கள் போய், "காட்மாண்டுவில் நல்ல பள்ளிக்கூடம், பத்திரமாக இருக்கும்" என்று பெற்றோரிடமே காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்திருக்கிறார்கள். இங்கே வந்ததும் அவர்கள் காகிதத்தில் அநாதை. அந்தப் பெற்றோரும் காசு கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அவர்களிடம் பேசிய தரகனும் அவர்கள் ஊர்ப் பாஷையில்தான் பேசியிருப்பான்.

இந்த மாதிரி இல்லங்களில் சேவைச் சுற்றுலா குழந்தைகளுக்குக் கெடுதல், தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டிருக்கிறது. இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்திக் கொண்டுவருவதை ஆஸ்திரேலியாவில் 2018-லேயே நவீன அடிமைத்தனம் என்ற கணக்கில் பேசினார்கள். என் ரீலுக்கு மட்டும் இதெல்லாம் எட்டவில்லை.

ஒன்பதாம் நாள் புதிதாக ஒரு ஐரோப்பியத் தம்பதி வந்தார்கள். அவர்களுடைய பரிசுப் பெட்டகம் திறக்கப்பட்டது. பளபள பிளாஸ்டிக் உறையில் பள்ளிப் பைகள். குழந்தைகள் வரிசையில் வந்து, கைகூப்பி, பை வாங்கி, போட்டோவுக்கு நின்றார்கள். என் நீலப் பை மாதிரியே இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த பையனின் பையைத் திறந்து பார்த்தேன். உள்மடிப்பில் என் கையெழுத்து. 'ஆமா.'

அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

11,000 ரூபாய்க்கு எனக்கு விற்ற அதே பையை உறை போட்டு அவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேருக்கோ. நிர்வாகியிடம் போனேன். அவர் பதறவே இல்லை. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம் என்றார். அந்தக் குழந்தையின் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "ஏழை. அங்கே இருந்தா இவளுக்கு என்ன கிடைக்கும்? டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

இந்த நியாயத்தை நம் ஊரிலும் நிறையப் பேர் சொல்வார்கள், சோறாவது கிடைக்கிறதே என்று. சரி. என் 78,500 அந்த ஊர்க் காசில் 1,25,600. அம்மாவுக்கு வசதியில்லை என்பதுதான் பிரச்சினையென்றால் அதில் ஒரு பங்கை அந்த அம்மாவிடம் கொடுத்துப் பிள்ளையை அவரோடு விட்டிருக்கலாமே? விடமாட்டார்கள். அவள் அம்மாவிடம் போய்விட்டால் நான் எதற்குக் காட்மாண்டு வரப்போகிறேன்?

அன்றே தமேல் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கிளம்பும்போது அவளிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. திருச்சித் தம்பிக்குப் போன் போட்டேன். முதல் நாள், "அப்படியா அக்கா, நான் விசாரிக்கிறேன்." இரண்டாம் நாள், "பார்ட்னர் சைடுல கேட்டிருக்கோம் அக்கா." மூன்றாம் நாள் நான் மேடம் ஆகிவிட்டேன். "மேடம், சேவையைப் பாதியில விட்டது நீங்க. எங்க பாலிசி அப்படி மேடம்." அம்மாவின் முட்டியைப் பற்றி அதற்கப்புறம் விசாரிக்கவில்லை. மெயில் அனுப்பினால் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிக் குழு' என்று கையெழுத்துப் போட்டு ஒரே பதில், மூன்று தடவை, காற்புள்ளி மாறாமல்: உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம், களத்தில் நடப்பதற்கு உள்ளூர்ப் பங்குதாரரே பொறுப்பு. பங்குதாரரைக் கேட்டால், பணம் வாங்கியது இந்தியாவில், அங்கே கேளுங்கள். மிச்சமிருந்த பன்னிரண்டு நாளுக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். 4,000 ரூபாய்க்குக் கூப்பன் அனுப்பினார்கள், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். யானை முகாம் ஒன்றுக்கு இணைப்பும் இருந்தது. வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய யுபிஐ, திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். 78,500-இல் இதுவரை ஒரு பைசா வரவில்லை.

அம்மா ஒன்றும் திட்டவில்லை. "நம்ம தெரு அங்கன்வாடிக்குப் போயிருந்தா ஆட்டோ காசு முப்பது ரூபாயோட முடிஞ்சிருக்கும்" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பட்டியல் போடுகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை, தோன்றியதை மட்டும் சொல்கிறேன். போலீஸ் சான்று கேட்காமல் குழந்தைகளிடம் விடுகிற இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். உண்மையில் எந்த இல்லத்துக்கும் கட்டாதீர்கள், அதுதான் சுலபம். கட்டியே தீருவேன் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியில் தகராறு எழுப்பவாவது வாய்ப்பு இருக்கும். விமான நிலையத்தில் "டூரிஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். என்னோடு இருந்த பத்தொன்பது வயது ஸ்பானியப் பெண்ணுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்து சம்பளமில்லாமல்கூட வேலை செய்யக் கூடாது. இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம் என்பதால் எனக்கு இது உறைக்கவில்லை. அப்படி ஏதாவது இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்து மனசு கேட்கவில்லையென்றால் அங்கே குழந்தைகள் உதவி எண் 1098. நம் ஊரில் நுகர்வோர் புகாருக்கு 1915.

நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன். 1915-இல் புகார் எண் வந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் வீடியோவை ஸ்டேட்டஸிலிருந்தும் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். அதைச் சேமித்து வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் நீங்களும் அழித்துவிடுங்கள், தயவுசெய்து.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உறையூர்த் தம்பிக்கு இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். ரிங் போகிறது. எடுக்கவில்லை.