2042-இல் முடிய வேண்டிய வீட்டுக்கடன்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். வாடகை வீடு போதும், ஃபிளாட் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று என்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, நீங்க ஏஜெண்ட் மூலமாத்தானே லோன் வாங்குனீங்க? அவர் நம்பர் இருக்கா?"

நம்பர் இருக்கிறது. ஆனால் உடனே கொடுக்க மனம் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுடா, எழுதியே அனுப்புறேன்" என்று சொல்லி வைத்தேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது. முதல் வீடு வாங்கப்போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

2022 ஜனவரியில் எனக்குக் கடன் கிடைத்தது. 40 லட்சம், 20 வருடம், ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) சேர்ந்து ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி. அன்று ரெப்போ 4 சதவீதம், அதன்மேல் வங்கி தனக்காகச் சேர்க்கும் ஸ்ப்ரெட் 2.80, ஆக 6.80. மாதத் தவணை 30,534 ரூபாய். கடைசித் தவணை 2042 ஜனவரி. அப்போது எனக்கு 52 வயது ஆகியிருக்கும், மகள் கல்லூரி முடித்திருப்பாள். அந்தத் தேதியை மனதில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் ஏஜெண்டைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல உழைப்பாளி. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா என்று எதை எங்கே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பட்டாவில் விற்பவரின் இனிஷியல் மாறியிருந்ததை வங்கி வக்கீல் பிடித்துக்கொண்டு லீகல் ஒப்பினியன் தர மறுத்தபோது, நானாக இருந்தால் ஒரு மாதம் அலைந்திருப்பேன். அவர் விற்பவரையும் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகம் போய்ச் சரிசெய்து வந்தார். 17 நாளில் சாங்ஷன் கடிதம் கைக்கு வந்தது. என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் அன்று யோசிக்கவில்லை. இவர்களை வங்கிகள் டிஎஸ்ஏ (டைரக்ட் செல்லிங் ஏஜெண்ட்) என்று சொல்கின்றன. பட்டுவாடா ஆகும் கடன் தொகைக்கு ஏற்ப வங்கி அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. கடன் பெரிதானால் கமிஷனும் பெரிதாகும். கடன் எப்போது முடிகிறது, நான் மொத்தம் எவ்வளவு வட்டி கட்டுகிறேன் என்பதெல்லாம் அவருடைய வருமானத்தில் எங்கும் வராது. அவர் மோசமானவர் இல்லை. அவருக்குப் பணம் கிடைக்கும் நாளோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது, என்னுடையது அன்றுதான் ஆரம்பிக்கிறது.

கையெழுத்துப் போடும் அன்று ஒரு இன்சூரன்ஸ் படிவமும் கட்டோடு வந்தது. "எல்லாரும் போடுறதுதான் சார்" என்றார். ஒரே தவணை பிரீமியம், 1,10,000 ரூபாய், கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கடன் வாங்குபவர் ஆயுள் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி எதுவும் கிடையாது. இது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தொகைக்கும் 20 வருடம் வட்டி உண்டு, 6.80 சதவீதத்திலேயே கணக்குப் போட்டாலும் அசலும் வட்டியுமாக 2 லட்சத்தைத் தாண்டுகிறது. குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும்தான். தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்திருப்பேன்.

கைப்பணத்திலும் தடுமாறினேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது. முத்திரைத்தாள், பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் இரண்டும் சேர்த்து 11 சதவீதம், என் 52 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5,72,000 ரூபாய். கடைசி வாரத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தேன். இதை முன்கூட்டியே சொல்ல ஏஜெண்டுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

இதெல்லாம் ஆறிப்போன கோபம். ஆறாதது இனிமேல்தான் வருகிறது.

2020 மே முதல் 4 சதவீதத்தில் நின்றிருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி 2022 மே 4 அன்று திடீரென்று 4.40 ஆக்கியது. அதையும் சேர்த்து 2023 பிப்ரவரிக்குள் ஆறு முறை ஏற்றி 6.50-க்குக் கொண்டுபோய் விட்டது. எனக்கு வட்டி 6.80-இலிருந்து 9.30. முதல் முறை வட்டி ஏறியபோது பயந்துபோய் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். "இஎம்ஐ மாறாது சார், கவலைப்படாதீங்க, பேங்க் பாத்துக்கும்" என்றார். உண்மையாகவே அந்த முறை இஎம்ஐ மாறவில்லை. அக்டோபரில் 31,040 ஆனது, ஜனவரியில் 32,020, ஏப்ரலில் 32,724. வட்டி இரண்டரை சதவீதம் ஏறியும் தவணை இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கூடியிருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாகவே இருந்தோம். அந்த வருடம் ஊருக்குப் போய்வந்தோம், ஏசி வாங்கினோம்.

2024 ஏப்ரலில் வருமான வரிக்காக வட்டிச் சான்றிதழை டவுன்லோடு செய்தேன். முந்தைய நிதியாண்டில் நான் கட்டியது 3,92,688 ரூபாய். அதில் அசலுக்குப் போனது சுமார் 28,000. ஏதோ பிழை என்றே நினைத்தேன். கடன் ஆரம்பித்த நாளிலிருந்து ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்த்தேன். 26 தவணையில் 8,26,000 கட்டியிருக்கிறேன், அசல் குறைந்தது 98,000. ஸ்டேட்மெண்டின் மூலையில் சின்ன எழுத்தில் கடைசித் தவணைத் தேதி இருந்தது: 2052 ஜனவரி.

பத்து வருடம். எனக்கு 62 வயது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். வட்டி ஏறும்போது பழைய தேதியிலேயே கடன் முடிய வேண்டுமென்றால் தவணை ஏற வேண்டும். தவணையை ஏற்றாவிட்டால் காலம் நீளும். என் வங்கி முதலில் காலத்தைத்தான் இழுத்தது. அதன் உச்சவரம்பான 30 வருடத்தைத் தொட்டபிறகு, அதற்குமேல் இழுக்க முடியாது என்பதால்தான் தவணையைக் கொஞ்சம் ஏற்றியது. தவணை குறைவாக ஏறியதைப் பார்த்து நான் நிம்மதியடைந்த மாதங்களில்தான் என் கடன் வயதானவர்களின் கடனாக மாறிக்கொண்டிருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2023 ஏப்ரலில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், 2042-லேயே முடிக்க மாதம் 36,900 ரூபாய் கட்ட வேண்டியிருந்திருக்கும். அதாவது நான் கட்டியதைவிட 4,200 அதிகம். கட்டியிருக்க முடியும். கஷ்டம்தான், ஆனால் முடியும். அந்த 4,200-ஐ மிச்சப்படுத்தியதற்கு விலை, 9.30 வட்டி அப்படியே நின்றிருந்தால், மொத்தத்தில் கிட்டத்தட்ட 30 லட்சம் கூடுதல். வீட்டு விலையில் பாதிக்கு மேல்!

வங்கி ஒப்பந்தத்தை மீறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வட்டி மாறினால் காலத்தையோ தவணையையோ மாற்றலாம் என்ற ஷரத்து நான் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், மீதித் தவணை எத்தனை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும் என்றது. அதையொட்டி என் வங்கியும் நீளமாக ஒரு மெயில் அனுப்பியிருந்தது. தலைப்பைப் பார்த்து விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டது நான்தான்.

இருந்தாலும் என்னால் ஏற்க முடியாதது ஒன்று உண்டு. இத்தனை வருடத்தில் இந்த வங்கியிலிருந்து எனக்கு எத்தனை எஸ்எம்எஸ் வந்திருக்கும்? நகைக்கடன், கிரெடிட் கார்டு, டாப்-அப் லோன், பண்டிகை வாழ்த்து. வட்டி மாறும்போதெல்லாம் "உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது" என்றும் வந்தது. "உங்கள் கடன் 2042-க்குப் பதில் 2052-இல் முடியும்" என்று ஒரே ஒரு வரி மட்டும் வரவே இல்லை. அந்த வரியை அனுப்ப என்ன செலவு? இப்போதும் ஆப்பில் அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க ஐந்து திரைகள் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் புதிதாக வருகிறது.

கிளைக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் பொறுமையாகக் கேட்டார், ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். முடிந்த சீட்டுப் பணம் 2 லட்சம் கையில் இருந்தது, அதை அசலில் கட்டினேன். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, இந்தக் கடனில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். படிவத்தில் "தவணையைக் குறை", "காலத்தைக் குறை" என்று இரண்டு கட்டம் இருக்கும். காலத்தைக் குறைக்கும் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். நான் காலியாக விட்டிருந்தேன், மேடம்தான் திருப்பிக் கொடுத்துக் காட்டினார். கூடவே தவணையை 35,500 ஆக உயர்த்தச் சொன்னேன். பத்து நாளில் புது அட்டவணை வந்தது: 2042 ஜனவரி. மனைவியிடம் காட்டினேன், அவள் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

அதற்குப் பிறகு இந்தக் கடன் என்னிடம் நன்றாகவே நடந்துகொள்கிறது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை ரெப்போ குறைந்து 5.50-க்கு வந்தது. ஏற்றத்தை எவ்வளவு வேகமாக என் தலையில் வைத்தார்களோ அதே வேகத்தில் இறக்கத்தையும் தந்தார்கள். அந்த ஜூலையில் என் வட்டி 8.30 ஆனது. தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை, 35,500-ஐ அப்படியே கட்டுகிறேன். அந்த வட்டியிலேயே கடைசித் தவணை 2040 தொடக்கத்துக்கு வந்துவிட்டது. முதலில் நினைத்ததைவிட இரண்டு வருடம் முன்னால். ரெப்போவோடு இணைந்த கடன் சரியாகக் கவனித்தால் நல்ல கடன், இதை மனதாரச் சொல்கிறேன்.

ஒரு குறை மட்டும் மிச்சம். ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான், ஸ்ப்ரெட்தான் ஆளுக்கு ஆள் மாறும். நாமாகக் கேட்டு மாற்றாவிட்டால் பெரும்பாலும் கடன் முடியும்வரை கூடவே வருவதும் அதுதான். இன்று புதிதாக வருபவருக்கு என் வங்கி என்னுடைய 2.80-ஐவிடக் குறைவான ஸ்ப்ரெட் தருகிறது. எனக்கும் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏஜெண்ட் என்னிடம் 6.80 என்றுதான் சொன்னார், அது 4-உம் 2.80-உம் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லவில்லை.

ஆக, தம்பி, உனக்கு என் பதில். ஏஜெண்டிடம் போகலாம். பத்திர வேலைக்கு அவரைப் போல ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் அவர் நம்பரை நான் தர மாட்டேன். நியாயமாகப் பார்த்தால் தர வேண்டும், தெரியும். "பேங்க் பாத்துக்கும்" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. நீயும் அதைக் கேட்டு நிம்மதியாவதை என்னால் தாங்க முடியாது. கிளைக்கு நேராகவே போ, பத்து நாள் கூட ஆனாலும் ஆகட்டும்.

2024 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு புது வீட்டுக்கடனுக்கும் கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் என்று ஒரு தாளை வங்கி தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும். நான் வாங்கியபோது அது இல்லை. அதைக் கேட்டு வாங்கு. வட்டி ஏறினால் தவணையைத்தான் ஏற்ற வேண்டும், காலத்தைத் தொடக் கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கு. கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் வா, பத்திரக் கட்டையும் எடுத்துக்கொண்டு வா. அந்த இன்சூரன்ஸ் படிவம் ஏற்கெனவே வந்திருந்தால் அதில் கையெழுத்துப் போடாமல் கொண்டு வா.