கிரெடிட் பீரோவோட ஆன்லைன் டிஸ்ப்யூட் வசதி: 5க்கு 3

வண்டி லோன் கேட்டப்பதான் தெரிஞ்சது, என் பான் நம்பரை வெச்சு எவனோ ஒரு ஆப்ல 18,400 ரூபாய் கடன் வாங்கிட்டு கட்டாம விட்டிருக்கான். கிரெடிட் பீரோ, அதாவது நம்ம கடன் விவரத்தையெல்லாம் சேர்த்து வெக்கிற கம்பெனி, தர்ற ரிப்போர்ட்ல அந்தக் கடனுக்குக் கீழ இருந்த மொபைல் நம்பர் என்னோடது இல்ல. முகவரி, நான் கால் வெக்காத ஊரு.

டிஸ்ப்யூட், அதாவது ரிப்போர்ட்ல இருக்கறது தப்புன்னு பீரோகிட்ட புகார், போடறது சுலபம்தான், காசும் கிடையாது. அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து என் கடன் இல்லைன்னு குறிக்கணும், அவ்வளவுதான். ஆனா பீரோ தானா எதையும் அழிக்காது. கடன் கொடுத்த கம்பெனி ஒத்துக்கிட்டாதான் மாத்தும். எனக்கு முதல்ல வந்த பதில் "தகவல் சரியே". படிச்சுப் பார்த்தாங்களான்னே சந்தேகம்.

அப்புறம் சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் கொடுத்து, அந்த நகலோட கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கே மெயில் போட்டேன். பணம் எந்த பேங்க் கணக்குல விழுந்துச்சு, காட்டுங்கன்னு கேட்டதும்தான் அசைஞ்சாங்க. அந்தக் கடன் ரிப்போர்ட்ல இருந்து நீங்கிடுச்சு.

30 நாள்ல தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடுன்னு 2024 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கு. மெயில்ல அதையும் எழுதிடுங்க, வேலை செய்யுது. இந்தியாவுல மொத்தம் நாலு பீரோ; ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். ஒண்ணுல நீங்கினா மத்ததையும் பாத்துடுங்க.