‘ஆனால்’ என்ற சொல்லில் நிறுத்திய வகுப்பு: காட்பாடிப் பயிற்சி குறித்து ஒரு மதிப்புரை

காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள திருச்சபை ஒன்று, விசுவாசிகளின் பேச்சில் உண்மையும் அன்பும் எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதைப் பற்றி நடத்திய இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். மதிய உணவுடன் சேர்த்துக் கட்டணம் 300 ரூபாய். குடியாத்தத்திலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் விடியற்காலையிலேயே பேருந்து பிடித்து வந்தவர்கள் உட்பட நாற்பது பேர் இருந்தோம்.

பாடம் நடத்திய அம்மையார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எபேசியர் 4:15-இல் நம் தமிழ் வேதாகமம் ‘அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு’ என்கிறதே தவிர ‘பேசி’ என்று சொல்லவில்லை என்பதையும், கிரேக்க மூலத்திலும் உண்மையாயிருத்தல் என்னும் ஒரே வினைதான் இருக்கிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டியபோது, இத்தனை ஆண்டுகள் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லியும் கவனிக்காமல் போனேனே என்று வெட்கப்பட்டேன். கிறிஸ்துவுக்குள் வளருவதைப் பற்றிய வசனம் அது; அடுத்தவரைத் திருத்துவதற்கான அனுமதிச் சீட்டாகவே நாம் அதைப் பயன்படுத்திவருகிறோம்.

முதல் நாள் பிற்பகல் பயிற்சிக்காகவே கட்டணம் கொடுக்கலாம். பாடகர் குழுவில் சுருதி விலகிப் பாடும் மூத்த சகோதரி ஒருவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பது சூழ்நிலை. என் முறை வந்தது. “அக்கா, நீங்க ரொம்ப நல்லா பாடுறீங்க, ஆனா…” என்று தொடங்கியதும் அம்மையார் கையைக் காட்டி நிறுத்தினார். “முதல்ல சொன்னது நிஜமா, தம்பி?” என்றார். நிஜமில்லை. அறையே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னர் அவர், தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த வந்த தீர்க்கதரிசி நாத்தானை நினைவூட்டினார்: ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லித் தாவீதின் மனதைத் திறந்தவர் கதையோடு நின்றுவிடாமல், ‘நீயே அந்த மனுஷன்’ என்பதையும் சொன்னார், நாமோ கதையை மட்டும் சொல்லிவிட்டு அதையே அன்பு என்று எண்ணிக்கொள்கிறோம் என்றார்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி இரைந்ததை மன்னிக்கலாம். ஆனால் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் சங்கதி ஊரெல்லாம் பரவுவதைப் பற்றிப் பத்தே நிமிடம்தான் பேசினார்கள். குற்றஞ்செய்த சகோதரனுக்கு அதை உணர்த்துவதைப் பற்றி மத்தேயு 18:15 சொல்லும் ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்ற சொற்களை அங்கே வைத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். போதகரிடமே ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று குடியாத்தத்து இளைஞர் கேட்டதற்கு, “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்பதே ஒருங்கிணைப்பாளரின் பதில். உண்மையைப் பற்றிய வகுப்பில் இப்படி நழுவியது எனக்கு உறுத்தியது. முள்ளுக் கத்தரிக்காய்க் கொத்சு மட்டும் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. இது முகத்துக்காகச் சொல்வதல்ல.

கருத்துப் படிவத்தில் வழக்கம்போல் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிவிட்டு வாசல்வரை வந்தவன், திரும்பிப் போய், தண்ணீர்ப் பானையருகே தனியாக நின்ற ஒருங்கிணைப்பாளரிடம் அந்த இளைஞரின் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சொன்னேன். அவர் முகம் சற்று வாடியது. பிறகு, “எனக்கே தெரியலை, ஐயா. தெரியலைன்னு சொல்லியிருக்கணும்” என்றார். படிவத்தைக் கேட்டு வாங்கி, நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே மீதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.