38,500 ரூபாய் போச்சு: பெல்ட் கிரைண்டர் கிட் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

38,500 ரூபாய். கத்தி செய்ய வீட்லயே 2க்கு 72 பெல்ட் கிரைண்டர் (2 இன்ச் அகலம், 72 இன்ச் நீளத்துல உப்புத்தாள் பெல்ட் ஓடுற மெஷின்) கட்டலாம்னு, ஆன்லைன்ல மெஷின் பார்ட்ஸ் விக்கிற ஒரு கடைக்குக் குடுத்த காசு. பேரைப் போட்டா வேற வம்பு, போடலை. கிட் வந்து நாலு நாள் ஆச்சு. பெல்ட் ஒரு நிமிஷம்கூட முழுசா ஓடலை.

நம்புனதுக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. போன்ல அந்தக் கடை ஆள் முதல்ல விலையே பேசலை. "மோட்டார் என்ன ஃபிரேம் சார்? 80ன்னா ஷாஃப்ட் 19 எம்எம், 90ன்னா 24. அதுக்குத் தகுந்த மாதிரி டிரைவ் வீல்ல போர் போட்டு, கீவே வெட்டித் தருவோம்"னார். ஃபிரேம்னா மோட்டாரோட சைஸ் நம்பர்; போர்னா வீல்ல ஷாஃப்ட் நுழையுற ஓட்டை; கீவேன்னா வீல் ஷாஃப்ட்ல வழுக்காம இருக்க கட்டை செருகுற பள்ளம். தொழில் தெரிஞ்சவங்க கேக்குற கேள்வி அது. 2 ஹெச்பி, 2800 ஆர்பிஎம், 90 ஃபிரேம்னு சொன்னேன். கேட்டது பாதி அட்வான்ஸ்தான். முழுசையும் யுபிஐல போட்டுவிட்டேன்.

வந்த டிரைவ் வீல்ல போர் 24.4 எம்எம். கீவே கிடையாது, வீலை ஷாஃப்ட்டோட இறுக்க ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ, தலையில்லாத திருகு. அதை இறுக்குனா இடைவெளி மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கி, வீல் சென்டர் 0.2 எம்எம் தள்ளி உக்காருது. ஆட்டம் அளக்குற டயல் கேஜ் வச்சா 0.4 காட்டுது. 100 எம்எம் வீல் 2800ல சுத்துனா பெல்ட் நிமிஷத்துக்கு 880 மீட்டர் போகும். அந்த வேகத்துல இந்த ஆட்டம் பெல்ட்டுக்குப் பின்னால இருக்குற தட்டை பிளேட்டன்ல படபடன்னு அடிக்கும், கத்தி மேல அலை அலையா கோடு விழும். ஸ்க்ரூ லூஸாகுறது தனிக்கதை.

டிராக்கிங் வீலுக்கு நடுவுல கிரவுன் வேணும், லேசான மேடு. பெல்ட்டை நடுவுல நிறுத்துறதே அதுதான். இது சப்பாத்திக் கட்டை மாதிரி தட்டை. வீலைச் சாய்க்கிற நாபை எந்தப் பக்கம் திருப்புனாலும் பெல்ட் ஓரத்துக்கே ஓடிக் கழண்டு விழுது. உள்ள ரெண்டு 6202 பேரிங், நடுவுல இடைவெளி காக்குற ஸ்பேசர் வளையம் இல்லை. போல்ட்டை இறுக்குனா ரெண்டு உள்வளையமும் நெருக்கப்பட்டு வீல் இறுகிடுது, தளர்த்துனா ஆடுது.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி பெட்டி மேல 1.5 கிலோவாட்னு ஸ்டிக்கர். ஒரு மூலை தூக்கியிருந்துச்சு, உரிச்சேன். அடியில 0.75! டெல்டா கனெக்‌ஷன்ல இந்த மோட்டார் 6 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும். அது 4 சொச்சத்துக்கான பெட்டி. கத்தியை வச்சு அழுத்துனா ட்ரிப் ஆகாம என்ன பண்ணும்?

போன் பண்ணேன். முதல் நாள், "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." அடிபட்டா கீவே மறைஞ்சுடுமா? மறுநாள், "பெல்ட் ஜாயின்ட் சரியில்ல, வேற பெல்ட் போடுங்க." அடுத்து அன்பாக்சிங் வீடியோ கேட்டாங்க. இருந்துச்சு, அனுப்புனேன். ரெண்டு நீல டிக், அவ்வளவுதான். நேத்து வேற ஒரு குரல்: "அசெம்பிள் பண்ணிட்டீங்கல்ல சார், இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." கிட்டுன்னா அசெம்பிள் பண்ணாம பூஜை ரூம்லயா வைப்பாங்க? 38,500 ரூபாய்க்கு இதான் பதில்.

என்னென்ன பாக்கணும்னு வரிசையா எழுதத்தான் உக்காந்தேன், கோபத்துல பாதி மறந்துபோச்சு. பெல்ட் ஓடுற வீடியோவை நம்பாதீங்க, அது யார் மெஷினோ. வீலை ஷாஃப்ட்ல மாட்டி டயல் கேஜ் வச்ச வீடியோ கேளுங்க. போர், கீவே, விஎஃப்டி கிலோவாட் மூணையும் பில்லுல எழுதி வாங்குங்க. முழுப் பணம் போடவே போடாதீங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்தாச்சு, பாப்போம்.

இப்போ டிரைவ் வீல் போரை 35 எம்எம்முக்குப் பெருசாக்கி, உள்ள புஷ்ஷுங்கிற உலோகக் குழல் அடிச்சு, 24 போர்ல 8 எம்எம் கீவே வெட்டணும். லேத்துல 1,800 கேக்குறாங்க. ஆக, 40,300.