மேற்கு ஜன்னலுக்கு எது தகும்: இரட்டைக் கண்ணாடியா, மூங்கில் தட்டியா?

கனடாவில் குடியேறிய உறவினர் ஒருவர், பனிக்காலம் தொடங்குமுன் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி அதை விறைப்பாக்கி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்றை அடைத்து வைப்பது வழக்கம் என்றும், வேலூரிலும் அதேபோல் நடுவே காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடி போட்டால் ஏசிச் செலவு பாதியாகும் என்றும் சொன்னார். முதலில் சொன்னது சரி. இரண்டாவதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறையின் மேற்கு ஜன்னல் நாலடிக்கு நாலடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். வெளியே 40 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்றால், ஒற்றைக் கண்ணாடி வழியே கடந்து வரும் வெப்பம் சுமார் 120 வாட். இரட்டைக் கண்ணாடி அதை 60 ஆக்கும். ஆனால் பிற்பகலில் சாய்ந்து விழும் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தால் ஜன்னலில் விழுவது 900 வாட். அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். நிறமற்ற இரட்டைக் கண்ணாடியும் பத்தில் ஏழு பங்கை விடும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவதே 3,500 வாட் அளவுதான் எனும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு ஜன்னலே விழுங்குகிறது. குளிர்நாட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் இரவும் பகலும் 40 டிகிரி வரை வேறுபாடு நிற்பதால் அங்கே கண்ணாடி வழியான வெப்பக் கடத்தலைத் தடுப்பது முதல் வேலை. இங்கே நேர் வெயிலைத் தடுப்பதே முதல் வேலை. வெயிலைத் திருப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி நன்றாகவே உழைக்கும், ஆனால் பழைய மரக்கதவு முழுவதையும் மாற்றியாக வேண்டும். புதுவீடு கட்டுவோர் யோசிக்கலாம், நான் யோசிக்கவில்லை.

உள்ளே தொங்கும் திரைச்சீலை எல்லோர் வீட்டிலும் உண்டு. எனினும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரை வாங்கிக்கொண்டு தானே சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிப்பக்கம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தால் கொஞ்சம் வெயில் கண்ணாடி வழியே திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

கண்ணாடியில் ஒட்டும் சன் பிலிமில் பளபளப்பான வெள்ளி நிறத்தாளே மேல். கறுப்புத் தாள் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைக் கொதிக்க வைக்கும். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாதே என்று மகிழ்பவர்கள், விளக்கு எரியும் இரவில் அது தலைகீழாகும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

என் தேர்வு வெளியே தொங்கும் மூங்கில் தட்டி. நெருக்கமாகப் பின்னிய தட்டி, வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே அதில் பெரும்பகுதியை மறித்துவிடுகிறது. தட்டி எவ்வளவு சூடானாலும் அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். நம் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை என்பதால், சுவரை ஒட்டிக் கட்டாமல் சன்ஷேடின் முன்விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிட வேண்டும். கோடை மழைக்கு முந்திய சூறைக்காற்று அதைப் பிய்த்தெறியாதிருக்க, அடிக்கட்டையைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுவதும் அவசியம். சன்ஷேடு மட்டும் போதாதா என்றால், உச்சி வெயிலுக்குப் போதும், மாலையில் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலுக்குப் போதாது. அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகல் சூரியன் வேலூருக்குச் சற்றே வடக்கில் நிற்பதால் வடக்குச் சுவரிலும் வெயில் படும். தட்டி இரண்டு வாங்க நேர்ந்தால் இரண்டாவது அங்கே.

நனைத்த வெட்டிவேர்த் தட்டி, ஏசி இல்லாத அறைக்கு நம்மூர் வறண்ட கோடையில் அருமையானது. ஏசி அறைக்கு ஆகாது, ஈரத்தை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் தட்டியை நனைப்பதற்கு மனமும் வராது.

குளிர்நாட்டார் வழக்கத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: கதவு சுருங்கி விட்ட இடைவெளியில் ரப்பர் பட்டை ஒட்டுவது. செலவு குறைவு, புழுதியும் அடங்கும்.

மார்கழியில் தட்டியைச் சுருட்டிக் கட்டிவிடுகிறோம். விடியற்காலைக் குளிருக்கு ஜன்னலைச் சாத்தினாலே போதும். மாலை வெயில் அறைக்குள் வருவதை அந்த ஒரு மாதம் யாரும் தடுப்பதில்லை.